பத்து நிமிஷம் வெளியே நில்

யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு திருப்பி அனுப்புவது என்கிற விஷயத்தில் எங்கள் கடலூருக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் அனுபவம் உண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டை சரி, சுற்றியுள்ள நிலம் எதுவரைக்கும்? சங்கிலி பிடித்து அளக்க ஆள் தேடி அலையவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுடுவது, குண்டு போய் விழுகிற தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம் என்று பேசி முடித்தார்கள். கடலை விட்டுவிட்டுச் சுற்றிலும் சுட்டார்கள். அப்படிக் குண்டுக்குள் அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி இன்றைக்கும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. குண்டு சாலையில் ஷேர் ஆட்டோ ஓடுகிறது.

அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தாரே, அவரேதான். படிப்புக்குப் பெயர் கொடுத்தவர் காலத்தில் ஊருக்கு எல்லை போட்டது பீரங்கிக்காரர். அன்று காலையில் ஒருவன் யாருடைய குடிமகன் என்பது, முந்தைய இரவு அந்த ஆள் எவ்வளவு வெடிமருந்து திணித்தார் என்பதைப் பொறுத்தது. நல்லவனா கெட்டவனா என்று யாரும் விசாரிக்கவில்லை. வீடு எங்கே இருக்கிறது? அது போதும்.

செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அதே கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துப் போட்டார்கள். மதில் போயிற்று, பழக்கம் போகவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது திருப்பாதிரிப்புலியூர். கல்லூரி நாள்கள் சிதம்பரத்தில். இப்போதைய பிழைப்பு, கண்ணால் பார்த்தறியாத சில சர்வர்களுக்குக் காவல் இருப்பது. மூன்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று பல காலம் எனக்கே தெரியாது.

சின்ன வயதில் நான் கண்ட முதல் சோதனைச் சாவடி புதுச்சேரி எல்லையில் இருந்தது. காரணம் ஊரறிந்தது. அந்தப் பக்கம் பாட்டில் மலிவு, இந்தப் பக்கம் மதுவிலக்குப் போலீஸ். பண்ருட்டி பஸ்ஸில் வருகிறவர் யோக்கியர். பாண்டிச்சேரி பஸ்ஸில் வருகிறவரும் யோக்கியர்தான், பையைத் திறந்து காட்டிய பிறகு. ஒரு தடவை என் பெரியம்மா பாண்டியில் ஒரு வைத்தியரிடம் மூட்டுவலிக்குக் கஷாயம் வாங்கிக்கொண்டு வந்தாள். கறுப்பு பாட்டில். காவலர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“கஷாயம் தம்பி. வேணும்னா ஒரு மடக்கு குடிச்சுப் பாருங்க, கால் வலி ஓடிடும்.”

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் போன போக்கைப் பார்த்துப் பஸ்ஸே சிரித்தது. பாட்டில் மரியாதையோடு திரும்பி வந்தது. பின் சீட்டில் மடிப்புக் கலையாத வேட்டியில் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்த பெரியவரை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பஸ் கிளம்பிக் குலுங்கியபோது அவருடைய பைதான் கிணுகிணுத்தது.

இதே எல்லையில் இன்னும் பெரிய ஆளையும் நிறுத்தியிருக்கிறார்கள். 1908இல் புதுச்சேரிக்குப் போன பாரதியார் அங்கிருந்து ‘இந்தியா’ பத்திரிகையை நடத்தினார். பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வரக் கூடாது என்று தடுத்தார்கள், 1910இல் அது நின்றுபோயிற்று. பத்து வருஷம் பொறுத்திருந்துவிட்டு 1918 நவம்பரில் அவரே எல்லை தாண்டி வந்தார். கடலூர் அருகே கைது. கடலூரில் சிறைவாசம். டிசம்பரில் நிபந்தனைகளோடு விட்டார்கள். தடை விதித்த சர்க்காரிடம் தடைக்குக் கெடு என்று ஒன்று இல்லை. பத்து வருஷம் கழித்து வந்தாலும் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது.

சிதம்பரம் வேறு ரகம். அங்கே வீதிகள் நான்கு, கோபுரங்கள் நான்கு, வாசல்கள் நான்கு. இத்தனை வாசல் வைத்துக் கட்டிய ஊரில்தான் நந்தன் எல்லையிலேயே நின்றான். சேக்கிழார் சொல்கிறபடி, ஆதனூரிலிருந்து நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் ஒருநாள் வந்தும் விட்டு, உள்ளே போகத் துணியாமல் தில்லையின் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்த அந்த நந்தன்தான் திருநாளைப்போவார். மதிலுக்கு வெளியே மூட்டிய தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் அவருக்கு உள்ளே வழி கிடைத்தது. அவர் என்ன குற்றம் செய்தார் என்று புராணத்தில் எங்கும் இல்லை. ஊர்ப்பெயரும் குலமும் மட்டும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் முழுமையாக வந்தது 1947இல். அந்தத் தடை நீங்க எத்தனை நூற்றாண்டு ஆனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் படித்த காலத்தில் சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல். சிதம்பரத்துச் சந்துகளுக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் பிடித்தது. ஒரே ஒரு டெலிபோன் லைன், கொர்ர் என்று கத்துகிற ஒரு மோடம், அதன் தலையில் ஏழெட்டுக் கம்ப்யூட்டர். ஒருவர் மெயில் திறந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு முதலாளி அண்ணன். பெயர், ஊர், நுழைந்த நேரம், வெளியேறிய நேரம். எந்த ஊர் என்று கேட்டுவிட்டு முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். தெரிந்த ஊர் என்றால் ஃபேனுக்குக் கீழே இடம். தெரியாத ஊர் என்றால் தன் கண்ணில் படுகிற மாதிரி முதல் வரிசை. இரண்டு தடவை ஹாஸ்டல் பையன்கள் காசு கொடுக்காமல் நழுவினார்கள் என்பதற்காக, அந்த ஹாஸ்டலில் இருந்து வந்த அத்தனை பேரிடமும் முன்பணம் வாங்க ஆரம்பித்தார். நழுவிய பையன்கள் அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. முன்பணம் கட்டியவர்கள் எல்லோரும் ஒழுங்காகக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

அவர் கண்டுபிடித்த முறையைப் பிற்பாடு சர்க்காரே சட்டமாக்கியது. 2011இல் வந்த சைபர் கஃபே விதிகளில் அடையாள அட்டை உண்டு, பதிவேடு உண்டு, தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்கிற அளவுகூட உண்டு. விதி வந்த சில வருஷத்தில் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. இப்போது பலகைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ஆள் இல்லை, கடைகளே அருகிவிட்டன.

இனி இன்றைய கதை.

இப்போது என் பொறுப்பில் இருக்கிற சர்வர்களுக்கு வாசல் பல. நிர்வாகி நுழைகிற வாசல் எண் 22. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொல்லை ஒட்டுக்கேட்டுத் திருடிய ஒரு சம்பவத்துக்குப் பிறகு, டாட்டு யுலோனென் என்பவர் எஸ்எஸ்ஹெச் என்கிற பாதுகாப்பான நுழைவு முறையை எழுதினார். 21க்கும் 23க்கும் நடுவில் காலியாக இருந்த எண்ணைக் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு 22தான் நிர்வாகி வாசல். திருடர்களுக்கும் தெரியும்.

புதிய சர்வர் ஒன்றை இணையத்தில் வைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பதிவேட்டைத் திறந்தால் போதும். யாருக்கும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதவில்லை, அதற்குள் ஆள் வந்து தட்டிக்கொண்டிருப்பான். ரூட் என்ற பெயரில் ஒரு தட்டு. அட்மின் என்று ஒரு தட்டு. டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், பை. ஒவ்வொன்றுக்கும் 123456 என்கிற உலகப் புகழ் பெற்ற கடவுச்சொல். தட்டுவது மனிதன் அல்ல, நிரல். அதற்குத் தூக்கமும் கிடையாது, வெட்கமும் கிடையாது.

இந்த வாசலில் நான் உட்கார வைத்திருக்கிற காவல்காரர் பெயர் ஃபெயில்2பேன். 2004இல் சிரில் ஜாக்கியர் என்பவர் எழுத ஆரம்பித்தது, பைத்தான் மொழியில். வேலை எளிமையானது. பதிவேட்டை ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கும். ஒரே முகவரியிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் ஐந்து தடவை தப்பான கடவுச்சொல் வந்தால், லினக்ஸ் கெர்னலில் இருக்கிற தடுப்பரணுக்கு ஒரு விதி எழுதிப் போடும்: இந்த முகவரியிலிருந்து இந்த வாசலுக்கு எது வந்தாலும் எடுக்காதே. பத்து நிமிஷம் ஆனதும் தானே போய் அந்த விதியை அழித்துவிடும். ஐந்து தப்பு, பத்து நிமிஷம் என்பவை அதை எழுதியவர்கள் கூடவே வைத்து அனுப்புகிற இயல்பான அளவுகள். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் தொழில்நுட்பத்தைப் பற்றியது அல்ல. பத்து நிமிஷமா? அவ்வளவுதானா? எங்கள் தெருவில் கிரிக்கெட் பந்தால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனுக்கு அந்த வீட்டு வாசலில் ஏழு வருஷம் தடை இருந்தது. அவன் கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்த அன்றுதான் அது விலகியது.

இந்தக் காவல்காரர் ஊரைக் கேட்கவில்லை, குலத்தைக் கேட்கவில்லை, முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஐந்து தப்புச் செய்யும் வரை எல்லோரும் யோக்கியர். செய்த பிறகு, தகவல் மையத்தின் வாடகை சர்வரானாலும் சரி, முதலாளியின் சொந்த லேப்டாப்பானாலும் சரி, எல்லோருக்கும் ஒரே பத்து நிமிஷம். தண்டனை முடிந்ததும் பழைய கணக்கைச் சொல்லிக்காட்டுவதும் இல்லை. முந்நூறு வருஷம் வாசல் காத்த ஊரில் பிறந்தவனுக்கு இப்படியொரு வாயிற்காப்போன் கிடைத்தது பெரிய முன்னேற்றமாகத்தான் பட்டது.

அதிலும் சிபாரிசு உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இக்னோர்ஐபி என்று ஒரு வரி. அதில் எழுதி வைத்த முகவரிகள் எத்தனை தடவை தப்பாகத் தட்டினாலும் கண்டுகொள்ளாது. விபூதிப் பெரியவருக்கு அங்கேயும் ஒரு சீட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப மாட்டுகிறவர்களுக்கு ரெசிடிவ் என்று தனிக் கொட்டடி. ஒரே நாளில் பல தடவை தடைக்கு ஆளானால் ஒரு வாரம் உள்ளே. 2020இல் வந்த பதிப்பு முதல் ஒவ்வொரு தடவையும் தடைக்காலத்தைக் கூட்டிக்கொண்டே போகிற வசதியும் சேர்ந்தது. மெஷினும் மெல்ல மெல்ல எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் போலப் பழகிவருகிறது.

எங்களோடு வேலை பார்க்கிற தம்பி ஒருவருக்கு இந்த வேகம் போதவில்லை. ஒருநாள் பதிவேட்டைக் காட்டினார்.

“அண்ணா, பாருங்க, எங்கெங்கிருந்தோ வந்து இடிக்கிறானுங்க. சீனா, ரஷ்யா ரெண்டையும் மொத்தமா அடைச்சிடலாம்ணா. நமக்கு அங்க யாரு இருக்கா?”

“உங்க அத்தை பொண்ணு எங்க டாக்டருக்குப் படிக்குது?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ரஷ்யாதாண்ணா. ஆனா அது ஏன் நம்ம சர்வருக்கு வரப்போகுது?”

“ஃபீஸ் ரசீது எடுக்க வரும். இன்னொண்ணு, இதுல பாதி முகவரி மும்பையிலயும் அமெரிக்காவுலயும் இருக்கு. அதையும் அடைச்சிடலாமா?”

“அது வாடகை சர்வருங்கண்ணா. எவனோ கார்டு போட்டு எடுத்திருப்பான்.”

விஷயமே அங்கேதான் இருக்கிறது. தட்டுகிற முகவரியில் குடியிருப்பவர் தட்டுகிறவர் அல்ல. 2016இல் உலகத்தை ஆட்டிய மிராய் என்கிற தீநிரல், தயாரிப்பாளர்கள் போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் பிடித்துத் தன் படையாக்கியது. அது கையில் வைத்திருந்தது அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர், கடவுச்சொல் ஜோடிகள் மட்டுமே. ஆகவே நள்ளிரவில் என் சர்வரில் 123456 என்று தட்டுகிற முகவரி, திருடனைப் பிடிக்கக் கேமரா மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிற ஒரு மளிகைக்கடைக்காரருடையதாக இருக்கலாம். கேமரா திருடப் போயிருப்பது அவருக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல், ஒரே முகவரிக்குப் பின்னால் எத்தனை பேர் என்பது. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 429 கோடி. ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசி மூட்டைக்கு வந்துவிட்டது. அதனால் செல்போன் கம்பெனிகள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பங்கு வைக்கின்றன. அண்ணாமலை நகரில் ஒரு பையன் கடவுச்சொல்லை மறந்து ஐந்து தடவை தட்டினால், அதே நேரத்தில் அதே முகவரியைப் பகிர்ந்துகொள்கிற புவனகிரி மாமியும் பரங்கிப்பேட்டை பாயும் பத்து நிமிஷம் வெளியே நிற்பார்கள். ஹாஸ்டல் பையன்கள் நழுவ, மற்றவர்கள் முன்பணம் கட்டிய கதையேதான். முதலாளி அண்ணனுக்காவது முகம் தெரிந்தது.

2006 கடைசியில் ஒரு தேசமே இப்படி வெளியே நின்றது. தொல்லை கொடுத்த ஒரு முகவரியை விக்கிப்பீடியாவில் தடை செய்தார்கள். கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்து கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. தெரியவந்ததும் தடையை விலக்கினார்கள். கத்தார் என்றால் எங்கள் பக்கத்தில் தூரதேசம் இல்லை. லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு இருக்காது. 1690இல் குண்டுக்குள் அடங்கியது சில கிராமங்கள். இங்கே ஒரு வரியில் ஒரு நாடே அடங்கியது.

இத்தனைக்கும் நடுவில் விவரமான திருடன் என்ன செய்கிறான்? ஆயிரம் முகவரிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுப் போகிறான். ஐந்து வரை எண்ணக் காத்திருக்கிற காவல்காரர் ஒன்றோடு நின்றுவிடுகிறார். புதிய ஐபிவி6 முறையில் ஒரு வீட்டுக்கே கோடிக்கணக்கில் முகவரிகள் கிடைக்கின்றன. ஒரு முகவரியை அடைத்தால் அடுத்த நொடி பக்கத்து முகவரியிலிருந்து வருவான். அங்கே வீட்டை மொத்தமாக, அதாவது 64 பிட் வரையிலான தொகுதியாக அடைத்தால்தான் பலன். அடைத்தால் அந்த வீட்டுப் பாட்டியும் சேர்ந்து வெளியே.

அதற்காகக் காவல்காரரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. அவர் இருந்தால் பதிவேட்டில் இரைச்சல் குறைகிறது, சர்வருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது, சோம்பேறித் திருடன் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறான். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் போட்ட உத்தரவுப்படி பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இரைச்சல் குறைந்த பதிவேட்டில்தான் நிஜமான ஊடுருவல் கண்ணில் படும். அந்த மட்டில் அவர் சம்பளத்துக்கு மேல் உழைக்கிறார். ஆனால் அவர் வாசல் பெருக்குகிறவர், பூட்டு அல்ல.

பூட்டு வேறே இருக்கிறது. வாசல் 22இல் கடவுச்சொல்லை அடியோடு நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பு வைத்திருப்பவரை மட்டும் உள்ளே விடுங்கள். கட்டமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி மாற்றம். அதன் பிறகு ரூட், அட்மின், 123456 எல்லாம் விடிய விடியத் தட்டினாலும் கதவுக்கு ஒன்றும் ஆகாது. சாவியை மட்டும் பார்க்கிற வாசலில் நந்தனும் நுழையலாம், மாஸ்கோவில் படிக்கிற பெண்ணும் நுழையலாம். எங்கிருந்து வருகிறாய் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

முகவரியை அடைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடையுங்கள், தப்பை எண்ணிவிட்டு அடையுங்கள், எத்தனை நேரம் என்று எழுதிவிட்டு அடையுங்கள். நிரந்தரத் தடை போட்டுவிட்டு மறந்துபோன பட்டியல் ஏதாவது உங்கள் சர்வரில் இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். அந்த முகவரிகள் எப்போதோ கைமாறியிருக்கும். உள்ளே வந்து தொல்லை கொடுத்தவன் போய்விட்டிருப்பான், வெளியே நிற்பது வேறு யாரோ.